கருணைத் தாளின் நான்காம் வரி

வீடியோ விளையாட்டில் வருகிற முதல் அம்பு யார் மேலும் படாது. பாறைக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் கொள்ளைக்காரன் என்னதான் குறிபார்த்து விட்டாலும் அது காதை உரசிக்கொண்டு போய் மரத்தில் குத்தி நிற்கும். விளையாடுகிறவன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்வான். அந்த அம்பு தப்பிப் போகட்டும் என்று யாரோ ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

தாளில் ஒன்பது வரிகள். விளையாட்டைத் தயாரிக்கும் அலுவலகத்தின் சோதனை அறையில் அதற்குக் கருணைத் தாள் என்று பெயர். உயிர் எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டும் உயிர்க்கோட்டில் கடைசியாக மிஞ்சும் சிவப்பு, பார்க்க நகக்கண் அளவு இருந்தாலும் உண்மையில் மூன்றில் ஒரு பங்கு உயிர். மயிரிழையில் பிழைத்தேன் என்று ஆளாளுக்குக் கதை சொல்வது அதனால்தான். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டாலும் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் அடிக்க மாட்டார்கள். மீதி எட்டுப் பேர் வாளைச் சுழற்றிக் கத்திக்கொண்டு நிற்பார்கள், விசேஷ வீட்டில் ஓடியாடி வேலை செய்வதுபோல் பாவனை காட்டும் சித்தப்பாக்கள் மாதிரி. ஒரே இடத்தில் மூன்று தடவை செத்தவனுக்கு நாலாவது தடவை எதிரிகளின் கண் கொஞ்சம் மங்கும்.

நான்காம் வரி காலைப் பற்றியது. மலை விளிம்பைத் தாண்டிக் கதாநாயகியின் கால் அந்தரத்துக்குப் போய்விட்டாலும், ஆறில் ஒரு பங்கு விநாடிக்குள் குதிக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் அவள் தரையிலிருந்து குதித்ததாகவே விளையாட்டு எடுத்துக்கொள்ளும்.

இதை வெளியே மூச்சுவிட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் யாரையும் அந்த அறைக்குள் விட்டார்கள்.

சுவர்முட்டியும் அப்படித்தான் உள்ளே வந்தாள். அது அவளுக்கு அக்கா வைத்த பெயர். சேர்ந்த முதல் மூன்று மாதம் அவளுக்கு வேலையே விளையாட்டுக்குள் இருக்கும் சுவர் ஒவ்வொன்றிலும் போய் முட்டுவதுதான். கோட்டைச் சுவர், குகைச் சுவர், ராணியின் குளியலறைச் சுவர். எங்காவது உடம்பு உள்ளே புகுந்துவிட்டால் அங்கே ஓட்டை என்று எழுதி வைக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் சுவர்களில் முட்டினாள். அலுவலகம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை, பெரியப்பா மகள். இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருஷமாகிறது. சுவர்முட்டிக்கு இந்த வேலையைச் சொல்லி வாங்கித் தந்தவள் அவள்தான். தன் ஒற்றை அறையில் பாதியையும், இருந்த இரண்டு கம்பளி ஸ்வெட்டரில் நல்லதையும் தந்தவளும் அவள்தான்.

விளையாட்டு கடைக்குப் போகிற வாரத்தோடு இரண்டு பேருடைய ஒப்பந்தமும் முடிகிறது. நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. அக்காவுக்கு இங்கேயே தங்கும் உரிமை கிடைத்துவிட்டது; இந்த வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்வாள். சுவர்முட்டியின் வேலை அனுமதி அட்டையில் இந்த அலுவலகத்தின் பெயரல்லவா அச்சாகியிருந்தது. வேலை போனால் முப்பது நாளில் பெட்டியைக் கட்ட வேண்டும். மகள் அங்கே பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள் என்று அப்பா தெருவில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொல்லி முடித்திருந்தார்.

சோதனை அறைத் தலைவர் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். கடியாரம் என்றுதான் அவரை முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவர் புதன்கிழமை வந்து இருவர் நடுவிலும் நின்றார்.

"வெள்ளிக்கிழமை காலைல ரெண்டு பேரும் அஞ்சாவது அத்தியாயம் ஆடுங்க. யாரு கம்மியா சாகறாங்களோ அவங்களுக்கு இடம். சுவர்முட்டி, எப்பவும்போல நீயே ரெண்டு மிஷினையும் தயார் பண்ணிரு."

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அக்கா சிரித்தாள். "மூஞ்சிய ஏண்டி இப்படி வச்சிருக்க? நீ தோத்தாலும் நான் சோறு போடறேன்."

"முப்பது நாளைக்குத்தானே போடுவ."

"அதுக்கப்புறம் பார்சல்ல அனுப்பறேன்."

நல்ல பகடிதான். சுவர்முட்டியால் சிரிக்க முடியவில்லை. ஜெயிப்பவள் அடிக்கிற பகடி அது என்று மட்டும் தோன்றியது. அக்கா ஐந்தாம் அத்தியாயத்தைப் பேசிக்கொண்டே ஒரு சாவு இல்லாமல் முடிப்பாள். சுவர்முட்டி ஆறு தடவையாவது சாகாமல் அதில் வரும் பள்ளத்தாக்கைத் தாண்டியது கிடையாது.

ஆனால் பதினாலு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு ஒன்று தெரியும். அக்கா எப்போதும் தாமதமாகத்தான் குதிப்பாள். விளிம்பு வரை ஓடி, காலை அந்தரத்தில் வைத்து, அப்புறம்தான் கட்டைவிரலை அழுத்துவாள். அதில் கொஞ்சம் கூடுதலாகத் தூரம் கிடைக்கும். சோதித்துச் சோதித்து அவள் விரலுக்கு அது பழகிவிட்டது. தாளில் இருக்கும் அந்த ஆறில் ஒரு விநாடியின் மேலேயே அக்கா வீடு கட்டிக் குடியிருந்தாள். அது தனக்கே தெரியாதபடிக்குப் பழகியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சுவர்முட்டி மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனாள். இரண்டு மிஷினையும் துடைத்தாள். கையில் பிடிக்கும் ரிமோட்டுகளுக்குச் சார்ஜ் ஏற்றினாள். ஒன்றாம் நம்பர் தனக்கு, இரண்டாம் நம்பர் அக்காவுக்கு. பிறகு இரண்டாம் நம்பரில், வாடிக்கையாளர் கண்ணுக்குப் படாத அந்த உள்பக்கத்தைத் திறந்தாள். ஒன்பது வரிகளும் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் அணைத்தால் முதல் நிமிஷத்திலேயே அக்காவுக்குப் பிடிபட்டுவிடும். முதல் அம்பு தோளில் தைத்ததுமே கையைத் தூக்கிவிடுவாள்.

நான்காம் வரியை மட்டும் பூஜ்யமாக்கினாள். கை நடுங்கவில்லை. போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள், அக்காவுக்கும் சேர்த்து.

பத்து மணிக்கு அறை நிறைந்திருந்தது. படம் வரைகிறவர்கள், கணக்குப் போடுகிறவர்கள், ஒலிக்காரர் எல்லாம் வந்து சுவரோரம் நின்றார்கள். ஒலிக்காரரை முள்ளங்கி என்பார்கள். விளையாட்டில் எலும்பு முறியும் சத்தமெல்லாம் அவர் மைக் முன்னால் முள்ளங்கியை உடைத்து எடுத்தது.

முதல் விளிம்பிலேயே அக்கா விழுந்தாள். கதாநாயகி பள்ளத்தாக்கில் விழுந்துகொண்டே போகும்போது ஓர் அலறல் கேட்டது. அது அக்காவின் குரல்தான். விளையாட்டுக்குக் குரல் கொடுக்கும் நடிகை வருவதற்குள் தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஒரு வருஷம் முன்னால் அக்காவை மைக் முன்னால் நிற்கவைத்து அலறச் சொன்னார்கள். நடிகை வந்தாள், பேசினாள், போனாள். விழும்போது வரும் அலறலை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். கடைக்குப் போகும் டிஸ்கிலும் அதுவேதான்.

இரண்டாவது தடவை விழுந்தாள். மூன்றாவது. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாலாவது.

"அம்மா தாயே, குரல் நல்லாத்தான் இருக்கு. அதுக்காக இத்தனை தடவையா கேக்கணும்?" என்றார் முள்ளங்கி. அறை சிரித்தது.

எட்டாவது தடவைக்கு மேல் ஒவ்வொரு அலறலுக்கும் சுவரோரம் இருந்தவர்கள் சேர்ந்து எண்ணினார்கள். ஒரு பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே போய்விட்டு வந்தாள். அக்கா ஸ்க்ரீனைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் வலது கட்டைவிரலையே பார்க்க ஆரம்பித்தாள். ஒன்றாம் நம்பரில் சுவர்முட்டி நிதானமாக ஆறு தடவை செத்து, அத்தியாயத்தை முடித்து, ரிமோட்டைக் கீழே வைத்தாள். அக்கா பதினேழில் நிறுத்திக்கொண்டாள். பள்ளத்தாக்கைத் தாண்டவே இல்லை.

கடியாரம் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். "சரி, போய் வேலையப் பாருங்க," என்றார், எல்லாரிடமும்.

பெரியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் வலது கட்டைவிரலில்தான் நடுக்கம் ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்றாள் முதலில். இப்போது தம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் அக்கா கட்டிலில் உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி நீட்டினாள். "உண்மையச் சொல்லு. பக்கத்துலதானே இருந்த. என் விரல் லேட்டா போச்சா?"

இங்கேதான் ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். சுவர்முட்டி பையிலிருந்த அட்டையை நினைத்தாள்.

"ஆமாக்கா."

"ரொம்பவா?"

"கொஞ்சம்."

அக்கா கையை விளக்குக்கு நேராக நீட்டினாள். "பாரு. நடுங்குதா? எனக்குத் தெரியல. நீ சொல்லு."

கை கல் மாதிரி நின்றது.

"லேசா," என்றாள் சுவர்முட்டி.

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தக் கை உண்மையிலேயே நடுங்கத் தொடங்கியது. அக்கா அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "பாத்தியா," என்றாள்.

அக்காவுக்கு ஒரு நல்ல குணம், எதையும் மறைக்கத் தெரியாது. நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளைக்கு அன்றைக்கே எழுதினாள். எனக்கு இப்படி ஆரம்பித்திருக்கிறது, அம்மாவுடையது மாதிரி, பின்னால் தெரிந்து நீங்கள் வருத்தப்பட வேண்டாம் என்று. எழுதியதைச் சுவர்முட்டியிடம் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டாள். "சரியா இருக்குக்கா," என்றாள் இவள், இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரே வரி. அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெரியப்பாவுக்குப் போன் போயிற்று. இனிமேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்றார்களாம். பெரியம்மா அக்காவிடம் போனில் அழுதாள். நான்தான் உனக்குக் கொடுத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சுவர்முட்டி அப்போது பக்கத்தில் இருந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அக்கா தன் மேஜையைக் காலிசெய்தாள். ஒரு கோப்பை, ஒரு குடை, இரண்டு நோட்டு. அப்புறம் இரண்டாம் நம்பர் மிஷின் முன்னால் போய் நின்றாள்.

"கடைசியா ஒரு தடவை ஆடிட்டுப் போறேண்டி. இன்னிக்கு விரல் எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

அந்த மிஷினைச் சுவர்முட்டி இன்னும் பழையபடி மாற்றி வைக்கவில்லை. ஆறு நாளாக அந்த நாற்காலிப் பக்கம் போகவே அவளுக்குப் பயம். அக்கா மறுபடி விழுவதைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. பாவம், ஒரு தடவையாவது தாண்டட்டும், தாண்டினால் மனசு லேசாகும், இன்றைக்கு விரல் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு போவாள். அந்த வாரத்தில் அவள் மனதில் எழுந்த ஒரே இரக்கம் அதுதான்.

"அது ரொம்ப சூடாகுதுக்கா. என்னோடதுல ஆடேன்."

அக்கா ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்தாள். விளிம்பு வரை ஓடினாள், காலை அந்தரத்தில் வைத்தாள், அழுத்தினாள். கதாநாயகி பள்ளத்தாக்கைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இறங்கினாள். அக்கா அடுத்த விளிம்புக்குப் போனாள். அதையும் தாண்டினாள். அத்தியாயம் முழுக்க ஒரு சாவு இல்லை.

"பாத்தியாக்கா. ஒண்ணுமே இல்ல உனக்கு."

அக்கா எழுந்து இரண்டாம் நம்பருக்குப் போனாள். ஓடினாள், அழுத்தினாள். அவள் குரலே பள்ளத்தாக்கில் அலறிக்கொண்டு போயிற்று. திரும்ப ஒன்றாம் நம்பர்: தாண்டினாள். இரண்டாம் நம்பர்: விழுந்தாள். பிறகு இரண்டாம் நம்பரிலேயே, விளிம்புக்கு ஒரு அடி முன்னால், வேண்டுமென்றே சீக்கிரம் அழுத்தினாள். தாண்டியது. நின்று முதல் அம்பை வாங்கிப் பார்த்தாள். அது காதோரமாகப் போயிற்று. உயிர்க்கோட்டை நகக்கண் அளவுக்கு இறங்கவிட்டு அடி வாங்கினாள். சாகவில்லை. ஒவ்வொன்றையும் நோட்டில் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொண்டாள். எட்டு வருஷமாகச் சோதித்துப் பிழைத்தவள். இரண்டு மிஷினைக் கொடுத்து இரண்டு விதமான பதிலைக் காட்டினால் விடுவாளா?

பேனாவை மூடினாள்.

"வியாதிக்கு நாற்காலி நம்பர் தெரியாதுடி."

சுவர்முட்டி நோட்டிலிருந்த கோடுகளைப் பார்த்தாள்.

"நாலாவது வரி. அது மட்டும். யாரோ எடுத்திருக்காங்க." அக்கா அவளைப் பார்த்தாள். "என் விரல் எங்க வரும்னு தெரிஞ்ச யாரோ."

"அக்கா, எனக்கு முப்பது நாள்தான்..."

"கைய நீட்டிக் கேட்டேனேடி. நடுங்குதான்னு கேட்டேன்."

அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு கடியாரத்தின் அறைக்குப் போனாள். சுவர்முட்டியும் பின்னாலேயே போனாள். போகாமல் இருந்தால் என்ன சொல்கிறாள் என்று தெரியாதே.

கடியாரம் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு நோட்டைக் கடைசி வரை படித்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எத்தன நாள் ஆச்சு இதக் கண்டுபிடிக்க?"

"ஆறு நாள் சார்."

"பதினேழு தடவை விழுந்தீங்க. ஒரே இடத்துல, ஒரே மாதிரி. உங்க விரலப் பாத்தீங்க. மிஷினப் பாக்கல. டெஸ்டருக்கு வேற என்னம்மா வேலை?"

அக்கா சுவர்முட்டியைக் கைகாட்டினாள். "இவ ஏமாத்தியிருக்கா சார்."

"மிஷினத் தயார் பண்ணுன்னு சொன்னேன். ரெண்டையும் ஒரே மாதிரி பண்ணுன்னு நான் சொல்லலியே." அவர் சுவர்முட்டி பக்கம் திரும்பினார். "நாலாவது வரிய மட்டும் ஏன் எடுத்த?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருக்கவில்லை. "எல்லாத்தையும் எடுத்தா முதல் நிமிஷமே கண்டுபிடிச்சிருப்பாங்க சார். அக்கா லேட்டாத்தான் குதிப்பாங்க. அது அவங்களுக்கே தெரியாது."

கடியாரம் தலையாட்டினார். பேனாவை எடுத்து அதை அப்படியே தன் காகிதத்தில் எழுதிக்கொண்டார். "அடுத்த விளையாட்டுல ஆளுக்குத் தகுந்த மாதிரி வரிய எடுத்து எடுத்து வைக்கப் போறோம். யாரு எங்க தடுக்கி விழுவாங்கன்னு பாக்க ஆள் வேணும். திங்கக்கிழமை வந்துரு." பிறகு அக்காவிடம், "நீங்க கார்டக் கீழ கொடுத்துட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் தண்ணீர் பிடிக்கும் மிஷின் பக்கத்தில் அக்கா நின்றாள். அழுவாள் என்று சுவர்முட்டி எதிர்பார்த்தாள். அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்து அரை அடி தள்ளியே நின்றாள். அக்கா போனை எடுத்துப் பெரியம்மாவை அழைத்து இவளிடம் நீட்டினாள்.

"அம்மா மூணு நாளா சாப்பிடல. எனக்கு ஒண்ணும் இல்லன்னு நீயே சொல்லு."

போனில் பெரியம்மாவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து பேசுவதுபோல் வந்தது. "குட்டியா? நீ அவகூட இருக்கறதுதாண்டிம்மா எனக்குத் தெம்பு. அவளத் தனியா விட்டுறாத."

"பெரியம்மா, அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. விரல் நல்லாத்தான் இருக்கு."

"எப்படிம்மா சொல்ற? யாரு சொன்னா?"

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை, எப்போது குதிப்பாள் என்று காத்திருப்பவள் மாதிரி.

"டாக்டர் சொன்னாரு பெரியம்மா," என்றாள் சுவர்முட்டி.

அக்கா போனைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "டாக்டர் இல்லம்மா. இவ."

பிறகு ஆரம்பத்திலிருந்து சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. முதலில் இது, அடுத்து இது, நடக்க வேண்டியது இது, நடந்தது இது என்று, அலுவலகத்துக்குக் குறை எழுதிக் கொடுக்கும் அதே ஒழுங்கில் சொன்னாள். கையை விளக்குக்கு நேராக நீட்டியதையும் விடவில்லை. அந்தப் பக்கம் யாரும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் போனைச் சுவர்முட்டியிடம் திரும்ப நீட்டினாள்.

"அம்மாவால போனப் பிடிக்க முடியாது, மேஜைல வச்சு ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க. அம்மா சாப்பிடலன்னு உங்க வீட்லேருந்தும் எல்லாரும் வந்திருக்காங்க. உங்கம்மா கேக்கறாங்க."

சுவர்முட்டி வாங்கிக் காதில் வைத்தாள். ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது அப்பா.

"இவ சொல்றது நிஜமாடி?" என்றாள் அம்மா.

அக்கா குடையையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்க ஆரம்பித்திருந்தாள். போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் அவள் நிற்கவில்லை.

"எனக்கு வேலை நிரந்தரமாயிடுச்சும்மா," என்றாள் சுவர்முட்டி.

அந்தப் பக்கம் யாரோ ஸ்பீக்கரை அணைத்தார்கள்.